கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரம்: கடலூர், புதுச்சேரி அறுவை மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கடலூர் மாவட்டத்திலும் புதுச்சேரியிலும் அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவர்களுக்கும், மருத்துவமனைக் கண்காணிப்பாளர்களுக்கும், நர்சிங் ஹோம் நடத்துவோருக்கும்,

வணக்கம்.

நான் திருப்பாதிரிப்புலியூரில் மருந்துக்கடை நடத்தும் மருந்தாளுநர். 2014 மார்ச் 1 முதல் எச்1 பட்டியல் மருந்துகளை, அதாவது மருத்துவர் சீட்டின்றிக் கொடுக்கக் கூடாத சில மருந்துகளை, விற்கும்போது அவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும் என்பது சட்டம். எழுதிய மருத்துவரின் பெயரும் முகவரியும், நோயாளியின் பெயர், மருந்து, கொடுத்த அளவு ஆகிய எல்லாம் அதில் இருக்கும். மூன்று ஆண்டுகள் அதைப் பாதுகாக்கவும் வேண்டும். செஃபிக்சிம், செஃப்போடாக்சிம் போன்ற ஆன்டிபயாட்டிக் (கிருமிகளைக் கொல்லும்) மாத்திரைகள் அந்தப் பட்டியலில் வருகின்றன. தென்பெண்ணையின் இரு கரையிலிருந்தும் சீட்டுகள் என் கடைக்கு வருகின்றன. உங்களில் பலருடைய பெயரை நான் முகம் பார்த்து அறிந்ததைவிட அந்தப் பதிவேட்டில் எழுதி அறிந்ததே அதிகம். அதைப் புரட்டும்போது எனக்குள் சேர்ந்துகொண்டே போன ஒரு கவலையை உங்கள் முன் வைக்கிறேன்.

குடல்வால் (அப்பென்டிக்ஸ்) அறுவை முடிந்து வீடு திரும்புபவர்களின் சீட்டைப் பற்றியது அது. இளைஞர்கள், பள்ளி மாணவர்கள், கல்லூரிப் பெண்கள்தாம் பெரும்பாலும். டிஸ்சார்ஜ் சம்மரியையும் சீட்டோடு சேர்த்து நீட்டுவார்கள். 'குடல்வால் வீங்கியிருந்தது, வெடிக்கவில்லை, சீழ் இல்லை' என்ற பொருளில் அதில் தெளிவாக எழுதியிருக்கும். அறுவை லேப்ராஸ்கோப்பியில், சிறு துளைகள் வழியே, நடந்திருக்கும். ஆனாலும் மருத்துவமனையில் இருந்த நாட்களில் செஃப்ட்ரியாக்சோன், மெட்ரோனிடசோல், சில நேரம் அமிகாசின் என்ற ஆன்டிபயாட்டிக்குகள் சேர்த்து ஊசியாகப் போயிருக்கும். வீட்டுக்குச் செல்லும்போது இன்னும் ஐந்து நாளைக்கு, சிலருக்கு ஏழு நாளைக்கு, மாத்திரை. ஏன் என்பதற்கு அந்தத் தாளில் எங்குமே விடை இருப்பதில்லை.

அதே தாளில் இன்னொன்றும் இருப்பதில்லை. வயிற்றில் கத்தி வைப்பதற்கு முன் எந்த ஆன்டிபயாட்டிக் எத்தனை மணிக்குக் கொடுக்கப்பட்டது என்ற குறிப்பு. நோயாளியின் தையல் சீழ் பிடிக்காமல் ஆறுமா என்பதில் மருந்தின் பங்கு பெரும்பாலும் அந்த ஒற்றை ஊசியில்தான் இருக்கிறது. அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பலன் இருக்கிறது என்று யாராலும் காட்ட முடியாத ஐந்து நாள் மாத்திரைக்கு மட்டும் முழுப் பக்கம். இது தலைகீழாக இருக்கிறது என்பதே என் முறையீடு.

நான் ஆன்டிபயாட்டிக்குக்கு எதிரி என்று தயவுசெய்து நினைத்துவிடாதீர்கள். குடல்வால் அறுவையில் முன்தடுப்பாக ஆன்டிபயாட்டிக் கொடுக்க வேண்டுமா என்ற கேள்விக்கு எப்போதோ விடை கிடைத்துவிட்டது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2005இல் வெளியிட்ட தொகுப்பாய்வு 45 ஆய்வுகளை, 9,576 நோயாளிகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. ஆன்டிபயாட்டிக் பெற்றவர்களுக்குத் தையலில் சீழ் பிடிப்பதும் வயிற்றுக்குள் சீழ்க்கட்டி உண்டாவதும், வெற்று மருந்து பெற்றவர்களைவிடக் குறைவாகவே இருந்தன. வெடிக்காத குடல்வாலிலும் இந்தப் பலன் தெரிந்தது. பெருங்குடலின் கிருமிகள் குடியிருக்கும் ஓர் உறுப்பை வெட்டி எடுக்கும்போது ஈ.கோலையும் பாக்டீராய்டஸும் வெட்டுக்காயத்தின் ஓரங்களில் படத்தான் செய்யும். அவை அங்கே வேர்விடுமுன் மருந்து அங்கே காத்திருக்க வேண்டும்.

காத்திருப்பது என்ற சொல்லைத் தெரிந்தேதான் எழுதுகிறேன். 1961இல் பாஸ்டனில் ஜான் பர்க் என்ற அறுவை மருத்துவர் கினிப்பன்றிகளின் தோலில் கிருமியைச் செலுத்தி, ஆன்டிபயாட்டிக்கை வெவ்வேறு நேரங்களில் கொடுத்துப் பார்த்தார். கிருமி நுழைவதற்குச் சற்று முன் மருந்து இரத்தத்தில் இருந்தால் காயம் கிட்டத்தட்டக் கிருமியே படாததுபோல் அடங்கியது. மூன்று மணி நேரம் கடந்து கொடுத்த மருந்தால் எந்தப் பயனும் இல்லை. மனிதர்களிடம் இதே கதையை 1992இல் ஓர் அமெரிக்க மருத்துவமனை சொன்னது. திட்டமிட்ட அறுவைக்கு உள்ளான 2,847 பேரில், கத்தி வைப்பதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களில் 0.6 சதவீதம் பேருக்கே காயத் தொற்று வந்தது. அதற்கும் முன்பே பெற்றவர்களில் 3.8 சதவீதம்; அறுவை தொடங்கி மூன்று மணி நேரத்துக்கு மேல் கழித்துப் பெற்றவர்களில் 3.3 சதவீதம். மருந்து இருந்தும் நேரம் தவறியதால் வந்த வேறுபாடு இது.

காரணமும் எளிதுதான். வெட்டிய திசுவில் இரத்தம் உறைந்து, ஃபைப்ரின் என்ற உறைபுரதம் படிந்து, நுண்ணிய குழாய்கள் அடைபட்டுவிட்ட பிறகு, இரத்தக் குழாயில் ஏற்றும் மருந்து அந்த இடத்துக்குப் போதிய அளவில் போய்ச் சேருவதில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் கரையைக் கடந்ததைப் பார்த்தவர்கள் நாம். காற்று ஓய்ந்த மறுநாள் ஓட்டின்மேல் மணல்மூட்டை அடுக்கி யாரும் கூரையைக் காப்பாற்றவில்லை.

இங்கே உங்களில் ஒருவர் குறுக்கிடலாம். நான் சொன்ன அதே காக்ரேன் தொகுப்பில், அறுவைக்குப் பின் கொடுத்தபோதும் பலன் தெரிந்ததே என்று கேட்கலாம். உண்மைதான், மறைக்கவில்லை. ஆனால் அது மருந்தே பெறாதவர்களோடு வைத்துப் பார்த்த ஒப்பீடு. ஒன்றுமே கொடுக்காததைவிடத் தாமதமாகக் கொடுப்பது மேல் என்பது மட்டும் அதிலிருந்து கிடைக்கிறது. சரியான நேரத்தில் ஓர் ஊசி போட்டுவிட்ட ஒருவருக்கு மேலும் ஐந்து நாள் நீட்டினால் என்ன கூடுதலாகக் கிடைக்கும் என்பது வேறு கேள்வி. அதற்கு ஹாங்காங்கில் விடை தேடினார்கள். 2005இல் வெளிவந்த அந்த ஆய்வில் குடல்வால் வெடிக்காத 269 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். அறுவைக்கு முன் ஒரே ஊசி பெற்றவர்களில் 6.5 சதவீதம், மூன்று ஊசி பெற்றவர்களில் 6.4 சதவீதம், ஐந்து நாள் பெற்றவர்களில் 3.6 சதவீதம் பேருக்குக் காயத் தொற்று. கடைசி எண் சிறியதாகத் தெரிகிறதே என்பீர்கள். ஒவ்வொரு பிரிவிலும் நூறு பேருக்கும் குறைவு. ஆக, வேறுபாடு ஏறத்தாழ மூன்று நோயாளிகள். தற்செயலாகவே வரக்கூடிய அளவு அது, புள்ளியியல் கணக்கில் நிற்கவில்லை. நின்ற வேறுபாடு எது தெரியுமா? ஆன்டிபயாட்டிக்கால் வந்த உபாதைகள். அவை ஐந்து நாள் பிரிவில்தான் அதிகம். மருத்துவமனையில் தங்கிய நாட்களும் குறையவில்லை.

உலக சுகாதார அமைப்பு 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதைத்தான் நேராகச் சொல்கிறது: முன்தடுப்பு மருந்தைக் கத்தி வைப்பதற்கு முந்தைய 120 நிமிடங்களுக்குள் கொடுங்கள்; அறுவை முடிந்த பிறகு அதை நீட்டாதீர்கள். அமெரிக்க மருந்தாளுநர் அமைப்பும் தொற்றுநோய் அமைப்பும் சேர்ந்து 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இன்னும் இறுக்கி, செஃபாசோலின் போன்ற மருந்துகளுக்கு 60 நிமிடம் என்கிறது. குடல்வாலுக்கு அது சொல்லும் தேர்வுகளில் ஒன்று செஃபாசோலின் 2 கிராம், கூடவே காற்றில்லாச் சூழலில் வாழும் கிருமிகளுக்காக மெட்ரோனிடசோல் 500 மில்லிகிராம். அறுவை நான்கு மணி நேரத்தைத் தாண்டினால் செஃபாசோலினை மீண்டும் ஒரு முறை. செஃபாசோலினும் மெட்ரோனிடசோலும் நம் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவை. ஆனாலும் செஃபாசோலின் கேட்டு என் கடைக்குச் சீட்டு வருவது அபூர்வம். எல்லாவற்றுக்கும் செஃப்ட்ரியாக்சோன் என்று ஆகிவிட்டது. உலக சுகாதார அமைப்பின் வகைப்பாட்டில் செஃபாசோலின் தாராளமாகப் பயன்படுத்தத்தக்க முதல் வரிசை மருந்து. செஃப்ட்ரியாக்சோனும் செஃபிக்சிமும் எதிர்ப்புத்திறன் பெருகும் என்று கண்காணிக்கச் சொல்லப்பட்ட இரண்டாம் வரிசை.

வெடித்த குடல்வாலை இதோடு குழப்பிவிடக் கூடாது. அங்கே கொடுப்பது முன்தடுப்பு அன்று, சிகிச்சை. வயிற்றுக்குள் சீழ் பரவிய நோயாளிக்கு மருந்து தொடர வேண்டும் என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. அங்கேகூட நாட்களைக் குறைக்கலாம் என்று வலுவான ஆய்வுகள் வந்துவிட்டன. 2015இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, வயிற்றுத் தொற்றின் மூலத்தை அகற்றியபின் சுமார் நான்கு நாள் மருந்து பெற்றவர்களும், அறிகுறிகள் அடங்கும்வரை எட்டு நாள் அளவுக்குப் பெற்றவர்களும் ஒரே அளவில்தான் தேறினார்கள் என்று காட்டியது. 2023இல் வெளியான ஓர் ஆய்வில், நெதர்லாந்தின் 15 மருத்துவமனைகளில் சிக்கலான குடல்வால் அழற்சிக்கு அறுவை செய்யப்பட்ட 1,066 பேரிடம் இரண்டு நாளையும் ஐந்து நாளையும் ஒப்பிட்டபோது, தொற்றுச் சிக்கலோ இறப்போ நேர்ந்தவர்கள் முறையே 10 சதவீதம், 8 சதவீதம். இரண்டு நாள் தாழ்ந்ததன்று என்றே ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். வெடித்த குடல்வாலுக்கே இரண்டு நாள் போதுமா என்று உலகம் பேசிக்கொண்டிருக்கும்போது, வெடிக்காத குடல்வாலுக்கு ஏழு நாள் என்று நம் ஊரில் எழுதுகிறோம்.

ஏன் எழுதுகிறீர்கள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. சிலரிடம் நேரிலேயே கேட்டிருக்கிறேன். மூன்று பதில்கள் திரும்பத் திரும்ப வருகின்றன.

'நோயாளிக்குச் சர்க்கரை' என்பது ஒன்று. சர்க்கரை உள்ளவருக்குத் தொற்று எளிதில் வரும் என்பது சரி. அதற்கான தீர்வு அறுவைக்கு முன்னும் பின்னும் இரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது. மாத்திரையை நீட்டுவது அந்த வேலையைச் செய்யாது.

'நம் ஊர்ச் சூழல் அப்படி' என்பது இன்னொன்று. கடற்கரை ஈரக்காற்று, கூட்டம் நிரம்பிய வார்டு, தையலோடு வீடு திரும்பி மறுநாளே மாட்டுக் கொட்டகைக்குள் போகும் மக்கள். இந்தக் கவலை உண்மையானது, அதனால்தான் எனக்கு இது வலிக்கிறது. ஆபரேஷன் தியேட்டரின் காற்று, கருவிகளை நீராவியில் கிருமிநீக்கும் ஆட்டோகிளேவின் சோதனைப் பட்டை, கை கழுவும் இடத்தில் வரும் தண்ணீர் ஆகியவற்றில் குறை இருக்குமானால், அந்தக் குறையைச் செஃபிக்சிம் சரிசெய்யாது. கண்ணில் படாமல் மூடிவைக்கும், அவ்வளவுதான். முந்தின இரவே பிளேடால் வயிற்றை மழித்துவிடும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருப்பதாக நோயாளிகள் சொல்கிறார்கள். பிளேடு போட்ட நுண்கீறல்களில் விடிவதற்குள் கிருமி பெருகும். முடியை அகற்றவே வேண்டாம், அகற்றியே ஆக வேண்டுமென்றால் கிளிப்பரால் கத்தரியுங்கள் என்பது அதே 2016 வழிகாட்டுதல். ஒரு கிளிப்பர் வாங்குவது எந்த நர்சிங் ஹோமுக்கும் பெரிய செலவில்லை.

மூன்றாவது பதிலை மெல்லிய குரலில்தான் சொல்கிறீர்கள்: 'சீழ் பிடித்துவிட்டால் சொந்தக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். ஆன்டிபயாட்டிக் எழுதியிருந்தால் எங்கள் மேல் குற்றமில்லை.' இந்த அச்சத்தை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். மருத்துவமனை வாசலில் கூட்டம் கூடிக் கல்லெறிந்த செய்திகளை நானும் படிக்கிறேன். ஆனால் உங்களைக் காப்பது எது என்று எண்ணிப் பாருங்கள். '7.40க்கு மருந்து, 8.05க்குக் கத்தி' என்று தாளில் இருந்தால், அன்றைய மருத்துவ அறிவு கேட்டதை நீங்கள் செய்துவிட்டீர்கள் என்பதற்கு அதுவே சான்று. ஏழு நாள் மாத்திரை எதற்குமே சான்றாகாது.

மாத்திரை என் கடையைத் தாண்டிய பிறகு என்ன ஆகிறது என்பதை நீங்கள் பார்ப்பதில்லை. நான் பார்க்கிறேன். மெட்ரோனிடசோல் நாக்கில் இரும்புச் சுவையை உண்டாக்கி, குமட்டி, சாப்பாட்டைத் தள்ள வைக்கிறது. மூன்றாம் நாள் நிறுத்திவிடுகிறார்கள். வயிற்றுப்போக்கு என்று வந்து, அதற்கொரு மருந்து கேட்கிறார்கள். குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலிருந்து வரும் ஒரு தாய், 'தம்பி, பாதி போதும், மீதியைச் சம்பளம் வந்ததும் வாங்கிக்கொள்கிறேன்' என்கிறார். முந்திரி உடைத்துப் பிழைக்கும் குடும்பம். அவரிடம் நான் எதைச் சொல்வது? முழுவதும் வாங்குங்கள் என்றா, இது தேவையே இல்லாமல் இருக்கலாம் என்றா? சீட்டு எழுதியவர் நீங்கள். அதை மாற்ற எனக்கு உரிமை இல்லை, இருக்கவும் கூடாது. மீந்த அட்டையோ வீட்டு அலமாரியில் கிடந்து, தம்பிக்குச் சளி பிடிக்கும்போது இரண்டு மாத்திரையாக வெளியே வருகிறது.

இதன் விளைவு மீண்டும் உங்கள் தியேட்டருக்கே வந்து சேர்கிறது. 66 நாடுகளின் 343 மருத்துவமனைகளில் குடல் அறுவைக்கு உள்ளான 12,539 பேரைப் பின்தொடர்ந்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், முப்பது நாளுக்குள் காயத் தொற்று கண்டவர்கள் வளர்ந்த நாடுகளில் 9.4 சதவீதம், நடுத்தர நாடுகளில் 14 சதவீதம், பின்தங்கிய நாடுகளில் 23.2 சதவீதம். சீழ்ப் பரிசோதனையில் கிருமி கண்டறியப்பட்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு, முன்தடுப்பாகக் கொடுத்த அதே மருந்துக்கு அடங்காத கிருமி இருந்தது. நாம் தேவையின்றிக் கொடுக்கும் ஒவ்வோர் அட்டையும், நாளை தேவைப்பட்டுப் போடப்படும் அந்த முதல் ஊசியின் கூர்மையை மழுக்குகிறது. மருந்துக்கு அடங்காத கிருமிகள் 2019இல் மட்டும் உலகெங்கும் சுமார் 12.7 லட்சம் உயிர்களை நேரடியாகக் கொன்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இந்திய மருத்துவச் சங்கங்கள் கூடி 2012இல் சென்னைப் பிரகடனம் வெளியிட்டது இந்த அச்சத்தால்தான். அது நம் மாநிலத் தலைநகரின் பெயரைத் தாங்கியது. நூற்றெண்பது கிலோமீட்டர் தெற்கே வருவதற்கு இத்தனை ஆண்டுகள் போதாதா?

நான் கேட்பது பெரிய காரியமில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரி சேருங்கள்: எந்த மருந்து, எத்தனை மணிக்கு, கத்தி வைத்தது எத்தனை மணிக்கு, குடல்வால் வெடித்திருந்ததா இல்லையா. 2008இல் உலக சுகாதார அமைப்பு கொண்டுவந்த அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலில், கடந்த 60 நிமிடத்துக்குள் ஆன்டிபயாட்டிக் கொடுக்கப்பட்டதா என்ற கேள்வி ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் பட்டியலைச் சோதித்த எட்டு நகரங்களில் புதுடெல்லியும் ஒன்று. உங்கள் தியேட்டரில் அது சுவரில் ஒட்டியிருக்கும். கேள்வியை உரக்கக் கேட்பவர் ஒருவர் வேண்டும். மயக்க மருந்து கொடுப்பவரோ தியேட்டர் செவிலியரோ அந்தப் பொறுப்பை ஏற்கலாம். அவசர அறுவையில்தான் இது தவறுகிறது. மாலை ஐந்து மணிக்கு வார்டில் போட்ட ஊசியை நம்பி இரவு பதினோரு மணிக்கு வயிற்றைத் திறக்கிறோம். சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இரத்தத்தில் பாதியாகக் குறையும் செஃபாசோலினாக இருந்தால், அப்போது இரத்தத்தில் எஞ்சியிருப்பது சொற்பம்.

வீடு திரும்பியபின் தையல் சிவந்து சீழ் கண்டால், மருந்தை மாற்றுவதற்கு முன் சீழை எடுத்து, எந்தக் கிருமி என்று வளர்த்துக் கண்டறியும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்புங்கள். தையலைத் திறந்து சீழை வெளியேற்றினாலே ஆறிவிடும் மேலோட்டமான காயத்துக்கு இன்னோர் அட்டை மாத்திரை எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். காயத் தொற்று பெரும்பாலும் நோயாளி வீடு சேர்ந்த பிறகுதான் தலைகாட்டுகிறது. முப்பதாம் நாள்வரை ஒரு தொலைபேசி அழைப்பில் விசாரித்தால்தான் உங்கள் தொற்று விகிதம் உங்களுக்கே தெரியும். அது தெரியாதவரை, மாத்திரை எழுதுவதை நிறுத்த யாருக்கும் துணிச்சல் வராது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

புதுச்சேரியில் உள்ள ஜிப்மர் போன்ற பெரிய நிறுவனங்களில் நுண்ணுயிரியல் துறை இருக்கிறது, ஆய்வுக்கூடம் இருக்கிறது. பத்துப் படுக்கை கொண்ட பண்ருட்டி நர்சிங் ஹோமுக்கோ, விருத்தாசலத்தில் தனியாளாக அறுவை செய்யும் மருத்துவருக்கோ அவை இல்லை. இந்தப் பகுதியில் எந்தக் கிருமி எந்த மருந்துக்கு அடங்குகிறது என்ற ஆண்டுப் பட்டியலைப் பெரியவர்கள் சிறியவர்களோடு பகிர்ந்துகொண்டால், மாநில எல்லை அதற்குத் தடையாக வேண்டியதில்லை. நோயாளிகள் அந்த எல்லையைப் பார்ப்பதே இல்லை.

இந்த மடலை நோயாளிகளோ அவர்கள் வீட்டாரோ படிக்கக்கூடும். அவர்களுக்கு ஒன்று: உங்கள் மருத்துவர் எழுதிய மாத்திரையை இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்தாதீர்கள். உங்கள் குடல்வால் வெடித்திருக்கலாம், உங்கள் உடல்நிலையில் எனக்குத் தெரியாத காரணம் இருக்கலாம். 'வெடித்திருந்ததா, இந்த மாத்திரை எதற்காக' என்று அவரிடமே கேளுங்கள். காய்ச்சல், கூடும் வலி, தையலில் நீர் அல்லது சீழ் வந்தால் கடைக்கு வராதீர்கள், மருத்துவமனைக்குப் போங்கள்.

மருத்துவர்களே, அடுத்து நடக்கும் உங்கள் சங்கக் கூட்டத்தில் அரை மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். அழைத்தால் வருகிறேன். நோயாளிகளின் பெயரையும் எழுதியவர்களின் பெயரையும் மறைத்து, கடந்த மூன்று ஆண்டுகளின் எச்1 பதிவேட்டிலிருந்து குடல்வால் அறுவைச் சீட்டுகளை மட்டும் தொகுத்து எடுத்துவருகிறேன். எத்தனை நாள், எந்த மருந்து என்பதை நீங்களே எண்ணிப் பார்க்கலாம். கத்தி வைப்பதற்கு முந்தைய ஊசியின் நேரம் என் பதிவேட்டில் இல்லை. அது உங்கள் தியேட்டர்க் குறிப்புகளில் இருக்கிறது. அவற்றை நீங்கள் கொண்டுவாருங்கள்.

மரியாதையுடன்,
ஒரு மருந்தாளுநர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.